மீன்காரி வேடத்துக்கு யார் பொருத்தம்?

வணக்கம். பழைய நாவலொன்றைக் காசிமேட்டிலேயே படமாக்கப் போவதாகவும், மீன் விற்கும் கதாநாயகி வேடத்துக்குச் சின்னத்திரையில் பெயர்பெற்றவரைப் போடுவதா, ராயபுரத்து நாடகக் குழுப் பெண்ணைப் போடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். என் யோசனை இரண்டாமவரே.

'தில்லானா மோகனாம்பாள்' நாவல் 1968-இல் படமானபோது பத்மினி அத்தனை பொருந்தியதற்கு, நட்சத்திர மதிப்பைவிட, சிறுவயது முதல் நாட்டியம் பழகிய உடம்பே பெரிய காரணம் என்பேன். உங்கள் கதாநாயகியின் உடம்போ அரிவாள்மனைக்கு முன்னால் குந்தி உட்கார வேண்டும். ஒரு காலால் கட்டையை மிதித்துக்கொண்டு, சங்கரா மீனின் செதிலைச் சீவும் கையைப் பார்க்காமலே, எதிரில் நிற்பவரிடம் விலை பேச வேண்டும். இது மூன்று நாள் பயிற்சியில் வராது. (நான்கு இடத்தில் "இன்னாபா" என்று சேர்த்துவிட்டால் வடசென்னைப் பேச்சாகிவிடும் என்று நம்பும் இயக்குநர்களை நிறையவே பார்த்துவிட்டோம்.)

இருவரையும் விடியுமுன், ஏலம் நடக்கும் நேரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்று, கேமராவைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு கூடை மீனை விற்கச் சொல்லிப் பாருங்கள். தெரிந்த முகம் வேண்டுமென்று தயாரிப்பாளர் அடம்பிடித்தால், நீங்கள் குறிப்பிட்ட வட்டிக்காரி வேடத்துக்கு அந்தச் சின்னத்திரை நடிகையைக் கேளுங்கள்.