வெப் சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்களா என்று பிராசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

கேட்டவர் ஒரு சின்ன ஹோட்டலின் புக்கிங் தளத்தை லினக்ஸ் சர்வரில் நடத்துகிறார். ஆன்டிவைரஸ் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது என்கிறார்.

முடியும். ஆனால் பிராசஸின் பெயரை நம்பி இறங்கினால் ஏமாந்துபோவீர்கள். அதைக் கிளப்பிவிட்டது எது, எந்த யூசரின் கீழ் ஓடுகிறது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

நான் இருப்பது கோத்தகிரியில். இங்கேயும் குன்னூர்ப் பக்கமும் உள்ள சில ஹோம்ஸ்டேக்களின் தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். மே மாத சீசனில் ஒரு சனிக்கிழமை, ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர் போன் செய்தார். "தம்பி, காலையிலேர்ந்து புக்கிங் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு, கொஞ்சம் பாருப்பா." நீலகிரிக்கு வர இ-பாஸ் வந்த பிறகு பலரும் மலை ஏறுமுன்பே அறையைப் பிடித்துவிடுகிறார்கள். சீசனில் ஒரு நாள் பக்கம் திறக்காவிட்டால் அவருக்கு அது பெரிய அடி.

சர்வருக்குள் போய், ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையைப் போட்டேன். ஒரே ஒரு வரி சிபியூ முழுவதையும் தின்றுகொண்டிருந்தது. சதுர அடைப்புக்குறிக்குள் 'கேவொர்க்கர்' என்று பெயர். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சொந்த வேலையாள், அதனால் கோளாறு வேறெங்கோ என்று நினைத்து கால் மணி நேரம் டேட்டாபேஸைக் குடைந்தேன். அப்புறம்தான் யூசர் என்ற பத்தி கண்ணில் பட்டது. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. கெர்னல் வேலையாட்கள் ரூட் என்ற தலைமை யூசரின் கீழ்தான் ஓடும், அவற்றின் தாய், அதாவது அவற்றைக் கிளப்பிவிட்டது, 2ஆம் எண் பிராசஸ். இதுவோ வெப் சர்வரின் யூசரில், தாய் எண் 1 என்று ஓடியது. ஓடும் பிராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் டைரக்டரியில், அது எந்த ஃபைலிலிருந்து ஓடுகிறது என்று சொல்லும் எக்ஸ்இ இணைப்பைப் பார்த்தால், தற்காலிக ஃபைல்களுக்கான டிஎம்பி டைரக்டரியில் இருந்து அழிக்கப்பட்ட ஒரு ஃபைலைக் காட்டியது. உண்மையான கேவொர்க்கருக்கு அப்படி ஒரு ஃபைலே கிடையாது.

பதற்றத்தில் அதை உடனே கில் செய்து நிறுத்திவிட்டேன். அது தப்பு. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் ஒரு நிமிடத்தில் அதைத் திரும்பக் கிளப்பிவிட்டது, முதலில் ஓடியதன் மெமரியும் நெட்வொர்க் இணைப்புகளும் போய்விட்டன. பிராசஸ் உயிரோடு இருக்கும்வரை, டிஸ்க்கில் அழித்த புரோகிராமைக்கூட அந்த எக்ஸ்இ இணைப்பு வழியாக நகல் எடுத்துவிடலாம். இரண்டாவது முறை அப்படித்தான் எடுத்தேன்.

அடுத்து, எது எதைக் கிளப்பியது என்று பார்க்க, பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை மர வடிவில் ஓடவிட்டேன். தளத்தின் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் அடியில், கட்டளைகளை ஓட்டும் எஸ்எச் ஒன்று, அதன் அடியில் வெளியிலிருந்து ஃபைல் இறக்கும் கர்ல் ஒன்று. உள்ளே வந்தவர் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த எஸ்எச் எந்த டைரக்டரியில் நிற்கிறது என்று பார்த்தேன். விருந்தினர்கள் ஆதார் நகலை ஏற்றும் ஃபோல்டர். வரிசையாக ஜேபிஜி படங்கள், நடுவில் ஒரே ஒரு பிஎச்பி ஃபைல். அதுதான் வெப் ஷெல், அதாவது வெப் வழியாகவே சர்வரில் கட்டளை ஓட்ட வழிவிடும் ஃபைல். தளத்துக்கு வரும் கோரிக்கைகளைப் பதியும் ஆக்சஸ் லாக்கில் அந்த ஃபைலுக்கு மட்டும் ஒரே ஐபியிலிருந்து, தகவல் அனுப்பும் போஸ்ட் கோரிக்கைகள் வரிசையாக இருந்தன.

இந்த வழி ஏன் பலிக்கிறது என்றால், வெப் சர்வர் பெற்றெடுக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. படத்தைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக், ரசீதை பிடிஎஃப் ஆக்க ஒரு புரோகிராம், மெயில் அனுப்ப சென்ட்மெயில், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் இவற்றையும் பிஎச்பி பெரும்பாலும் எஸ்எச் வழியாகத்தான் கூப்பிடும். அதனால் எஸ்எச்சைப் பார்த்ததும் அலறக் கூடாது. அது எதை ஓட்டுகிறது என்று பாருங்கள். நான் யார், இது எந்தச் சர்வர் என்று கேட்கும் ஹூஆம்ஐ, ஐடி, யூநேம், ஃபைல் இறக்கும் கர்ல், டபிள்யூகெட் என்று வந்தால் யாரோ உட்கார்ந்து தட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மர வடிவம் அந்த நொடியை மட்டும் காட்டும். தாய் செத்துவிட்டால் பிள்ளை 1ஆம் எண்ணுக்குத் தத்துப் போய்விடும், வம்சம் தெரியாது. எனவே பிறக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். லினக்ஸில் அதற்கு ஆடிட்-டி என்ற பதிவு செய்யும் சேவை இருக்கிறது. டெபியன், உபுண்டுவில் வெப் யூசரின் எண் 33. அந்த எண் எந்தப் புரோகிராமைத் தொடங்கினாலும், அதாவது எக்ஸெக்வீ அழைப்பு வந்தாலும், எழுதி வை என்று விதி போடுங்கள். 64 பிட் புரோகிராம்களுக்கு ஒரு விதி, 32 பிட்டுக்கு ஒன்று. ஒரு வாரம் ஓடவிட்டால் உங்கள் தளத்தின் நியாயமான பிள்ளைகள் யார் என்று பட்டியலே கிடைத்துவிடும். மீதி எது வந்தாலும் போனுக்குத் தகவல் வரும்படி வையுங்கள். லாக்கை வேறொரு இயந்திரத்துக்கும் அனுப்புங்கள், உள்ளே வந்தவர் முதலில் அழிக்கப் பார்ப்பது அதைத்தான்.

விண்டோஸிலும் இதே கதைதான். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸின் டபிள்யூ3டபிள்யூபி பிராசஸின் அடியில், கட்டளை ஓட்டும் சிஎம்டியோ பவர்ஷெல்லோ வந்தால் எழுந்து உட்கார வேண்டும். சிஸ்மான் என்ற கண்காணிப்புக் கருவியின் 1ஆம் எண் நிகழ்வு தாயையும் பிள்ளையையும் சேர்த்தே காட்டும். 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்களில் வெப் ஷெல்கள் குவிந்தபோது பலரும் இதை வைத்துத்தான் தேடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லாக் நூலகத்தில் ஓட்டை வந்தபோது சந்தேகத்துக்குரிய தாய் ஜாவா.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெப் ஷெல் வெளிப் புரோகிராம் எதையும் கூப்பிடாமல், பிஎச்பிக்குள்ளேயே ஃபைல்களைப் படித்துவிட்டுப் போனால் இந்த முறையில் சிக்காது. அதற்கு ஃபோல்டர்களில் புதிதாக முளைக்கும் ஃபைல்களைக் கண்காணிக்க வேண்டும். அப்லோட் ஃபோல்டரில் பிஎச்பி ஓடவே கூடாது என்று இன்றைக்கே அடைத்துவிடுங்கள். நாங்கள் விட்ட ஓட்டை அதுதான்.

உங்கள் சர்வரில் ஏதாவது கிடைத்தால் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், டிஸ்க்கை இருந்தபடியே நகலாக ஸ்னாப்ஷாட் எடுங்கள், புதிய சர்வரில் தளத்தை நிறுவி பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது.

அந்த ஃபோல்டரில் இருந்த ஆதார் நகல்களை யாராவது எடுத்தார்களா என்று உறுதியாகச் சொல்ல எங்களிடம் லாக் இல்லை. அக்காவும் நானும் புக்கிங் நோட்டை வைத்துக்கொண்டு, தங்கிப்போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னோம். நகல்களை அழித்துவிட்டோம். இப்போது அங்கே அடையாள அட்டையை வரும்போது கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.