புராஸ்டேட்டில் கல் இருந்தால் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டுமா?

அப்பாவுக்கு 58 வயது, வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் புராஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) கல் என்று வந்தது, தொந்தரவு எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் ஆபரேஷன் வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு இது சர்வசாதாரணம்.

எனக்கு 61 வயதில் செய்தார்கள். ஒரே வருடத்தில் மூன்று தடவை குளிர்காய்ச்சல், நீர்க்கடுப்பு. மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். கிட்னி கல் மாதிரிதானே என்று நாலு மாதம் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். கிட்னி கல் சிறுநீரில் உருவாவது. இது சுரப்பிக்குள் தேங்கிய நீர் கெட்டியாகி, அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்து உண்டாவது. எவ்வளவு குடித்தாலும் அங்கே போய்ச் சேராது. வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைக்கும் சிகிச்சையும் இதற்குக் கிடையாது.

யூராலஜி டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் பரிசோதித்தார். கல்லும் கட்டியும் கைக்கு ஒரே மாதிரி கெட்டியாகத் தெரியலாம் என்பதால் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். கிருமித்தொற்று இருந்தால் அந்த அளவு கூடித் தெரியும், அதனால் காய்ச்சல் விட்டு ஆறு வாரம் கழித்துத்தான் எடுத்தோம். சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சரில் ஒவ்வொரு முறையும் அதே கிருமி. கல்லின் இடுக்கில் ஒளிந்துகொண்டால் மருந்து முழுசாக எட்டாது என்றார். சிறுநீர் போன பிறகும் பையில் 180 மில்லி மிச்சம். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் ஆபரேஷன். கல் இருந்ததற்காக அல்ல.

முதுகில் ஊசி போட்டு, சிறுநீர் வரும் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, புராஸ்டேட்டில் வளர்ந்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். உள்சதைக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில்தான் கற்கள் பெரும்பாலும் இருக்குமாம். சதை போகப்போக அவையும் உதிர்ந்து வந்தன. கடுகும் கேழ்வரகுமாகப் பழுப்பு நிறத்தில், பாட்டிலில் காட்டினார். வெளி ஓட்டுக்குள் இருப்பவை அப்படியே இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். மூன்று நாள் டியூப், இரண்டு வாரம் எரிச்சல். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் விந்து வெளியே வராமல் பின்னால் சிறுநீர்ப்பைக்குப் போய்விடும். குழந்தை வேண்டும் என்பவர்கள் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

அப்பாவிடம் நீங்களே கேளுங்கள்: இரவில் எத்தனை முறை எழுகிறார், போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறதா, கடுப்பு உண்டா. இல்லை என்றால் நிம்மதியாக இருங்கள். ஒருமுறைக்கு இரண்டுமுறை கேளுங்கள். என் மகனிடம் நான் வாய் திறக்கவே ஒரு வருடம் ஆனது.