நோட்டு வீடு தேடி வந்தபோதே கேட்டிருக்க வேண்டும்

கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது): தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் நான். ஊராட்சியில் சுமார் 2,800 பேர். வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான். சங்கத்தின் லெட்டர்பேடில் 42 பேர் கையெழுத்திட்டு கலெக்டர் ஆபீசில் மூன்று தடவை மனு கொடுத்தோம். ‘அனைத்து வீடுகளுக்கும் குடிநீர் வழங்கப்படுவதாகக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியுள்ளது’ என்று பதில் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு எங்களில் யாரும் போகவில்லை. ஊராட்சியிலிருந்து ஒருவர் நோட்டைக் கொண்டுவந்தார். நான் கையெழுத்துப் போட்டேன், என் மாமியார் கைநாட்டு வைத்தார், அவ்வளவுதான். ‘கோயில் பொம்பளைகளுக்கு எதுக்கு அரசியல்’ என்று கணவர் சத்தம் போடுகிறார். மனுக்களை விட்டுவிட்டு உபவாச ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பதில்: கணவரைப் பற்றி ஒரு பக்கம், அதிகாரிகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நோட்டைப் பற்றி மட்டும் ஒரே வரி, அதிலும் “அவ்வளவுதான்”. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அது வருகைப் பதிவேடு, சகோதரி. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் 100 பேராவது வந்திருக்க வேண்டும். ஆள் சேராத ஊர்களில் நோட்டு தெருத்தெருவாக நடப்பது இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் குழாய் போட்டாயிற்று என்று அதிகாரிகள் அறிக்கை கொடுப்பதோடு விஷயம் முடிவதில்லை. ஊர்மக்கள் கூடி, ஆமாம், தண்ணீர் வருகிறது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டால்தான் அந்த ஊருக்குச் சான்று. உங்களுக்கு வந்த பதிலை இன்னொரு முறை படியுங்கள். தண்ணீர் வருகிறது என்று சொன்னவர்களின் வரிசையில் உங்கள் பெயரும் இருக்கலாம். 42 பேர் மனுவில் ஒன்று சொல்லி, அதே 42 பேர் பதிவேட்டில் வேறொன்று சொல்லியிருந்தால் கலெக்டர் எதை நம்புவார்?

மாமியாரின் கைநாட்டு இன்னும் மோசம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் மருமகள் சொல்லை நம்பித்தான் மையில் விரலை வைப்பார். அது என்ன தாள் என்று அவருக்குப் படித்துக் காட்டுவது உங்கள் கடமை. வீட்டுப் பெரியவரின் விரலை இப்படி இரவல் கொடுத்துவிட்டு, நேர்மையான ஆட்சி வேண்டும் என்று சங்கத்தில் ஜெபக்குறிப்பு எழுதுவது சரியில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை ஊராட்சி நோட்டுக்கும் சேர்த்துத்தான்.

இதைச் சரிசெய்யாமல் நான்காவது மனு கொடுக்காதீர்கள். முதலில் பதிவேட்டைக் கையில் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)இன் கீழ் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. அதில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். அந்தக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தீர்மானம் உள்ள பக்கங்கள், வீடியோ எடுத்திருந்தால் அதன் நகல், குழாய் வேலையை அளந்து பதிவு செய்த அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். “ஏன் தண்ணீர் வரவில்லை?” என்று அதில் எழுதிவிடாதீர்கள். இருக்கிற ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்விகளுக்கு ‘தகவல் இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பல சங்கங்கள் முதல் மனுவோடு ஓய்ந்துவிடுகின்றன. அதற்காகத்தான் அங்கே காத்திருக்கிறார்கள்.

நகல் வந்ததும், கூட்டத்துக்கு வராமல் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்: ‘இந்தத் தேதிக் கூட்டத்துக்கு நான் வரவில்லை, வீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கப்பட்டது, என் பெயரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.’ ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு அது போகட்டும். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு நகல். வெட்கமாகத்தான் இருக்கும். எழுதுங்கள்.

லெட்டர்பேடை பீரோவில் வையுங்கள். கிராம சபையில் சங்கத்துக்கு இடமில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் இடம். வால்வுக்குக் கடைசியில் இருக்கும் தெருவில் கோயிலுக்கு வராதவர்களும் இருப்பார்களே? அம்மன் கோயில் தெருப் பெண்களையும் பள்ளிவாசல் தெருப் பெண்களையும் சேர்க்காத தண்ணீர் மனுவை, ஒரு திருச்சபையாரின் சலுகைக் கோரிக்கை என்று சுலபமாக ஒதுக்கிவிடலாம். விசுவாசம் உங்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரட்டும். வெளியே வந்தபின் ஊருக்காகப் பேசுங்கள்.

பேசக் கையில் கணக்கு வேண்டும். திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் சுமார் 18 குடம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஐந்து வீடு, கடைசித் தெருவில் ஐந்து வீடு தேர்ந்தெடுத்து, தண்ணீர் வந்த தேதி, திறந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடம் என்று ஒரு மாதம் எழுதுங்கள். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் 20 குடமும் கடைசி வீட்டில் 3 குடமும் என்றால் கோளாறு தொட்டியில் இல்லை. வால்வு திறக்கும் நேரத்திலோ, நடுவில் குழாயோடு நேரே மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடுகளிலோ இருக்கிறது. அந்த மோட்டார்களில் எத்தனை உங்கள் சங்கத்தார் வீட்டில் ஓடுகின்றன? முதலில் அவற்றைக் கழற்றச் சொல்லுங்கள். அடுத்தவள் குடத்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டு நீதி கேட்க முடியாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். எது அடுத்து வருகிறதோ அதற்கு ஒரு வாரம் முன்பே கூட்டத்தில் பேச வேண்டிய பொருளை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கூட்டத்தில் அந்த மாதக் கணக்கைப் படித்து, பழைய தீர்மானத்தைத் திருத்தும் தீர்மானம் கேளுங்கள். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் இல்லை என்று பார்த்தபின் கையெழுத்திடுங்கள். பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உபவாச ஜெபத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லூக்கா 18இல் வரும் விதவை வீட்டிலிருந்து ஜெபித்து மட்டும் நியாயம் பெறவில்லை. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போனாள். மார்ச் முதல் வெள்ளியில் உலக ஜெப தினம் கொண்டாடும் சங்கம்தானே உங்களுடையது? அறிந்து ஜெபிப்பதும் ஜெபத்தோடு செயல்படுவதும்தான் அந்த நாளின் நோக்கம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம். குடம் சுமப்பதெல்லாம் பெண்கள் வேலை, அதைப் பற்றிப் பேசினால் மட்டும் அரசியல் என்பது குடும்பத் தலைவருக்கு அழகில்லை. ஆனாலும் அவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, 100 பேரில் ஒருவராக வேண்டியவர். அந்த மாதக் கணக்கு நோட்டை அவர் கையில் கொடுத்து, இரவு தண்ணீர் திறக்கும் நாளில் நேரத்தை எழுதும் வேலையை அவருக்கு விடுங்கள். கூட்டத்தன்று மாமியாரைக் கைபிடித்து அழைத்துவரும் பொறுப்பும் மகனான அவருடையதுதான்.