பழக்கூடைக்குக் கீழே ஒரு பாடகி

இந்த இதழின் கேள்விகள் எல்லாமே பிரேசிலின் பாடகியும் நடிகையுமான கார்மென் மிராண்டா பற்றியவை. போன இதழில் வந்த அவரது படத்தின் விளைவு!

தலையில் வாழைப்பழமும் அன்னாசியும் சுமந்து ஆடும் அந்த ‘பிரேசில் அழகி’ உண்மையில் பிரேசில்காரரே இல்லை என்கிறார்களே?

பிறந்தது போர்ச்சுகலில், 1909 பிப்ரவரி 9 அன்று. ஒரு வயது நிறைவதற்குள் ரியோ டி ஜெனிரோவுக்கு வந்துவிட்டார். குடியுரிமை கடைசிவரை போர்ச்சுகலுடையதுதான். ஆனால் பேச்சு, பாட்டு, கிண்டல் எல்லாமே ரியோவின் லாபா பகுதித் தெருக்கள் கொடுத்தவை. அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. குடும்பச் செலவுக்காகப் பதின்ம வயதிலேயே கார்மென் கழுத்துப்பட்டை விற்கும் கடையிலும், பிறகு பெண்களுக்கான தொப்பிக் கடையிலும் வேலைக்குப் போனார். தொப்பிக் கடையை மறந்துவிடாதீர்கள். பின்னாளில் தன் தலைப்பாகைகளைத் தானே தைத்துக்கொண்ட கைக்கு அங்கேதான் பழக்கம்.

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவன் நான். ஹாலிவுட்டுக்கு முன் அவர் பாடியவற்றை எங்கிருந்து தொடங்கலாம்?

நல்ல கேள்வி. என்னைக் கேட்டால் அவருடைய தொழில் வாழ்க்கையின் சிறந்த பகுதி 1929-க்கும் 1940-க்கும் இடையில்தான் இருக்கிறது. பிரேசிலில் மட்டும் சுமார் 280 பாடல்களைப் பதிவு செய்தார். ஹாலிவுட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அவரைக் கண்டெடுத்தவர் ஜோசுவே டி பாரோஸ் என்ற கிதார் கலைஞர். முதல் தட்டு 1929-இல் பிரன்ஸ்விக் நிறுவனத்தில். பிறகு விக்டர். 1930-இல் ஜோபெர்ட் டி கார்வால்யோ எழுதிய ‘தாயீ’ என்ற கார்னிவல் பாட்டு சுமார் 35,000 தட்டுகள் விற்றது. அன்றைய பிரேசிலுக்கு அது எட்டாத எண். 1933-இல் மேரிங்க் வெய்கா வானொலி அவரோடு ஒப்பந்தம் போட்டது. அதுவரை பாடகர்களுக்கு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வானொலியோடு ஒப்பந்தம் போட்ட முதல் பிரேசில் பாடகி இவர்தான். 1935-இல் ஒடியன் நிறுவனத்துக்கு மாறினார்.

குரல் பெரிதல்ல. மின் ஒலிப்பதிவு 1927-இல் பிரேசிலுக்கு வந்ததால்தான் இப்படிப்பட்ட குரலுக்கு வழி பிறந்தது. அதற்கு முன் புனல் வடிவக் குழாய்க்குள் கத்திப் பாடினால்தான் தட்டில் பதியும். மைக் வந்ததும் மெல்லச் சொன்னாலும் பதிந்தது; கார்மென் அதை முழுதாகப் பயன்படுத்தினார். மெய்யெழுத்துகளைச் சுண்டிவிட்ட மாதிரி உச்சரிப்பார். வரிக்கு நடுவே ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு போடுவார். தாளம் ஓரிடத்திலும் தளராது.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, லேபிள். பிரேசில் விக்டர், ஒடியன் என்றால் ரியோவின் சம்பா, அதாவது பிரேசிலின் நடன இசை. டெக்கா என்றால் 1939 கடைசியிலிருந்து அமெரிக்காவில் பதிந்தவை. பல தொகுப்புகள் இரண்டையும் கலந்து ‘சிறந்த பாடல்கள்’ என்று விற்கின்றன. இரண்டு, வேகம். பழைய தட்டிலிருந்து மாற்றும்போது சுழற்சி கொஞ்சம் கூடினாலும் குரல் கீச்சென்று ஆகிவிடும். அவர் குரலே அப்படித்தான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கிதாரின் சுருதியைச் சரிபார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆண்டு விழாவில் மாணவிகளுக்குக் கார்மென் வேடம் போட்டோம். ஒத்திகையிலேயே பழங்கள் நெற்றிக்குச் சரிந்தன. அவர் எப்படிச் சமாளித்தார்?

முதலில் அந்த உடை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிரேசிலின் பாயியா மாநிலத்துச் சால்வடார் நகரில் தலைத்தட்டில் பலகாரம் வைத்து விற்ற கறுப்பினப் பெண்களின் உடை அது: தலைச்சுற்றுத் துணி, சரிகைப் பின்னல் மேல்சட்டை, தோளில் ஒரு துணி, கஞ்சி போட்ட அகலப் பாவாடை, அடுக்கடுக்காக மணிகளும் வளையல்களும். 1939-இல் வந்த ‘பனானா டா தெர்ரா’ படத்தில் கார்மென் அதை அணிந்தார். அந்தக் காட்சிக்கு முதலில் திட்டமிட்டது இசையமைப்பாளர் அரி பரோசோவின் பாட்டு. பணத் தகராறில் அது விலக, பாயியாவிலிருந்து வந்திருந்த இளைஞர் டோரிவால் கய்மியின் பாட்டு உள்ளே வந்தது. அந்தப் பாட்டே பாயியா பெண்ணின் உடையை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகிறது. கார்மென் இடுப்பைத் திறந்துவிட்டு, தலைத்தட்டைச் சின்னஞ்சிறு கூடைகளாக்கினார். மலை போன்ற பழக்குவியலெல்லாம் பிற்பாடு ஹாலிவுட் ஏற்றியது.

இப்போது உங்கள் தொப்பி. உண்மையான பழம் வேண்டாம். பத்து வாழைப்பழமே ஒரு கிலோவைத் தாண்டும். தெர்மாகோல், ஸ்பாஞ்ச், காகிதக்கூழ் இவற்றில் செய்து, மொத்த எடையை 400 கிராமுக்குள் நிறுத்துங்கள். பழங்களை நேராகத் துணியில் தைத்ததுதான் உங்கள் தவறு என்று ஊகிக்கிறேன். துணி இழுபடும்போது அவையும் நகரும். தலைக்குக் கச்சிதமான ஒரு குல்லாய் தைத்து, உட்புறம் பருத்தித் துணி கொடுங்கள், வியர்வையில் வழுக்காது. அதன்மேல் மெல்லிய கம்பியை வளையமாக வளைத்துத் தைத்து, பழங்களை அந்தக் கம்பியில் கட்டுங்கள். மூன்று மீட்டர் துணியைக் கடைசியில் சுற்றிக் கம்பியை மறையுங்கள். கனமானவை உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் பார்வைக்குப் படுவது வெறும் இலையும் திராட்சையுமாக இருக்கட்டும். வண்ணம் பளபளப்பில்லாததாக இருந்தால் விளக்கில் கண் கூசாது.

அப்புறம் ஆட்டம். கார்மெனின் உயரம் 1.52 மீட்டர். அதை மறைக்கத்தான் அந்தத் தடித்த அடிப்பாகக் காலணி. அந்தக் காலணியில் குதிக்க முடியாது, அந்தத் தலைப்பாகையோடு குனியவும் முடியாது. அதனால்தான் அவர் ஆட்டம் முழுக்கக் கண்ணிலும் கையிலும் இடுப்பிலும் இருக்கிறது, காலடிகள் சின்னவை. மாணவிகளைச் சுற்றிச் சுழல வைத்தால் எந்தத் தொப்பியும் நிற்காது. வளையல்களை மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

அமெரிக்கா போகும்போது இசைக்குழுவையும் கூட்டிப்போக அடம்பிடித்தாராமே?

ஆமாம், சரியான அடம். 1939-இல் ரியோவின் உர்கா கேசினோவில் அவரைப் பார்த்த, நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளின் தயாரிப்பாளர் லீ ஷூபர்ட்டுக்குப் பாடகி மட்டும் போதும். ‘பாண்டோ டா லுவா’ குழு வராமல் நானும் வரமாட்டேன் என்றார் கார்மென். சம்பாவில் இரண்டு தட்டுத் தாளத்தின் இரண்டாவது தட்டில்தான் கனம். அதற்குள், கஞ்சிரா போன்ற பாந்தெய்ரோ பறையின் சில்லுகள் நாலாகப் பிரித்து, அதையும் சமமாக இல்லாமல் ஊசலாட்டமாக ஒலிக்கும். இதை இசைக்குறியீட்டில் எழுதிக் கொடுத்து நியூயார்க் வாத்தியக்காரர்களிடம் வாங்க முடியாது. கியூபாவின் ரும்பா மாதிரி ஆகிவிடும். கடைசியில் குழுவினரின் பயணத்துக்கு பிரேசில் அரசு கைகொடுத்தது. 1939 ஜூனில் பிராட்வேயில் அவர் மேடையில் இருந்தது ஆறு நிமிடம்தான். நகரமே பேசியது.

பிறகு ஏன் சொந்த ஊரில் அவமானம்?

1940 ஜூலையில் திரும்பியபோது தெருவில் பெருங்கூட்டம் வரவேற்றது. அவமானம் நடந்தது உர்கா கேசினோவில், மேட்டுக்குடிப் பார்வையாளர்கள் முன்னால். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, அமெரிக்காவில் ஓடிய பாட்டைப் பாடினார். அரங்கம் உறைந்துவிட்டது. அவர் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அதே செப்டம்பரில், ‘நான் அமெரிக்கக்காரியாகிவிட்டேனாம்’ என்ற பொருளில் ஒரு சம்பாவைப் பதிந்து, கிண்டலாகவே பதில் சொன்னார். ஆனால் அதன்பின் 14 ஆண்டுகள் ஊர்ப்பக்கம் வரவில்லை. கறுப்பினப் பெண்களின் உடையில் வெள்ளைப் பெண் புகழ் பெற்றார் என்ற விமரிசனம் தனி. அது இன்றும் உண்டு, நியாயமானதும்கூட.

கோடிகளில் சம்பாதித்தவர் 46 வயதில் இறந்தது ஏன்?

1945-இல் அமெரிக்காவிலேயே அதிகம் சம்பாதித்த பெண் அவர்தான். இரண்டு லட்சம் டாலருக்கு மேல். அந்த வேகத்துக்கு விலை மாத்திரைகள்: தூங்க ஒன்று, விழித்திருக்க ஒன்று. 1955 ஆகஸ்ட் 4 அன்று நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டியின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பதிவில் மூச்சு வாங்கி முழங்கால் மடங்கினார். ஆடி முடித்தே வீடு போனார். மறுநாள் அதிகாலை மாரடைப்பு. உடல் ரியோவுக்கு வந்தது. இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர்.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

‘பனானா டா தெர்ரா’ முழுதாகக் கிடைக்காது. கார்மென் பாடும் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1943-இல் பஸ்பி பெர்க்லி இயக்கிய ‘தி கேங்ஸ் ஆல் ஹியர்’ படத்தின் ராட்சத வாழைப்பழ ஆட்டத்தை எல்லாரும் சொல்வார்கள். வண்ணத்துக்காக ஒருமுறை பார்க்கலாம். 1947-இன் ‘கோபகபானா’ கறுப்பு வெள்ளை, அவருடைய உடைகளுக்கு அது அநியாயம். என் தேர்வு 1936-இன் ‘அலோ அலோ கார்னிவல்’. தங்கை ஆரோராவோடு மினுமினுக்கும் கால்சட்டையும் உயர்ந்த தொப்பியுமாக வந்து வானொலிப் பாடகிகளைப் பற்றிப் பாடுவார். தலையில் ஒரு பழம்கூட இருக்காது.