அன்று வேண்டாம் என்றவர், இன்று படை அனுப்புகிறார்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் போர் வேண்டாம் என்ற தலைவர்களே பிறகு படை அனுப்புவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலையைத் தருமபுரி நண்பர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, வந்த வரிசையிலேயே போகலாம்.

பாலக்கோடு தம்பி: போர் வேண்டாம் என்று ஓட்டு வாங்கிவிட்டு, ஜெயித்ததும் படை அனுப்புவது அமெரிக்காவில் வழக்கமா சார்?

கிட்டத்தட்ட. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-ல் அதிபர் உட்ரோ வில்சனுக்கு, நம்மைப் போரில் இழுத்துவிடாதவர் என்றுதான் பிரசாரம் நடந்தது. அடுத்த ஏப்ரலிலேயே ஜெர்மனி மீது போர் அறிவித்தாயிற்று. ஆனால் நடுவில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கண்ணில் பட்ட கப்பலை எல்லாம் மூழ்கடிக்கத் தொடங்கியிருந்தன, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிபர் லிண்டன் ஜான்சன் கதை வேறு. 1964 தேர்தல் மேடையில், ஆசியப் பையன்கள் போட வேண்டிய சண்டைக்கு நம் பையன்களை அனுப்ப மாட்டேன் என்றார். அப்போதே டோன்கின் வளைகுடா தீர்மானம், அதாவது வியட்நாம் சண்டைக்கு அமெரிக்க நாடாளுமன்றம் கொடுத்த அனுமதிச் சீட்டு, அவர் சட்டைப் பையில் இருந்தது. 1965 மார்ச்சில் படை வியட்நாமின் டா நாங்கில் இறங்கியது.

ஓசூரிலிருந்து ஒருவர்: ஒபாமா, டிரம்ப் எல்லாம்?

2002-ல் ஈராக் போர் கூடாது என்று பேசிப் பெயர் வாங்கியவர் ஒபாமா. நாட்டுக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அதிபர் தன்னிச்சையாகத் தாக்க அதிகாரம் கிடையாது என்று 2007-ல் சொன்னவரும் அவரே. 2011-ல் நாடாளுமன்ற ஓட்டெடுப்பு இல்லாமலே லிபியாவில் குண்டு போட்டார். சிரியாவைத் தொடாதே என்று 2013-ல் டிரம்ப் அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். 2017 ஏப்ரலில் அதே சிரியா மீது 59 டோமஹாக் ஏவுகணைகளை விட்டதும் டிரம்ப்தான். நாற்காலி மாறினால் நாக்கும் மாறுகிறது, வேறென்ன சொல்ல.

அரூர் அக்கா: அமெரிக்கா கிடக்கட்டும் சார், நம் ஊர்க்கதை சொல்லுங்கள்.

அதற்குத்தான் காத்திருந்தேன். 1987 மே மாதம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் புலிகள் மீது தாக்குதல் நடத்திய இலங்கை அதிபர் ஜெயவர்த்தனே, ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் போட்டு இந்தியப் படையை வரவழைத்தார். அவருடைய பிரதமர் பிரேமதாசாவுக்கு அது பிடிக்கவில்லை. 1989-ல் தானே அதிபரானதும், கிளம்புங்கள் என்று கெடு வைத்தார், புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். அமைதி காக்கப் போன நம் படையோ 1987 அக்டோபரிலேயே புலிகளோடு மோதத் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 1,200 வீரர்கள் திரும்பவில்லை. வி.பி. சிங் பிரதமரான பிறகு, 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை கிளம்பியது. சென்னையில் இறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் பக்கத்து நியாயம்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தப் படையில் இருந்தவர். பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு பாலக்கோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். டீக்கடையில் இருந்த நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் படை போனபோது கைதட்டியவர்களும் நாங்களேதான். தலைவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

பர்கூர் வாசகர்: அப்படியானால் மனசு மாறுவதே தப்பா?

தப்பே இல்லை. எப்போது மாறினார், ஏன் என்று வாயைத் திறந்து சொன்னாரா, அதை மட்டும்தான் பார்ப்பேன். ஈராக் போருக்கு ஆதரவாக 2002-ல் செனட்டில் ஓட்டுப் போட்ட ஹிலாரி கிளின்டன், அது தவறு என்று நேராக எழுதியது 2014-ல். பன்னிரண்டு வருஷம்! 2008-ல் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் ஒபாமாவிடம் தோற்றதற்கு அந்த ஓட்டும் ஒரு காரணம்.

ஊத்தங்கரை மாணவி: இந்தியாவில் படை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டுமா?

வேண்டாம் அம்மா, மத்திய அமைச்சரவை முடிவு செய்தால் போதும். 2003-ல் ஈராக்குக்கு வீரர்கள் வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. பல வாரம் யோசித்த வாஜ்பாய் அரசு, ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்றுவிட்டது.

மறுபடியும் அரூர் அக்கா: அந்தத் தெருக்காரர் இப்போது என்ன சொல்கிறார்?

மாந்தோப்பு வைத்திருக்கிறார். போன வாரம் இதைப் பற்றிக் கேட்டேன். பெங்களூரா மாங்காய் இந்த வருஷம் டன் என்ன விலைக்குப் போகிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.