ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்கலாமா?

கேள்வி: பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது டாக்டர். பயத்தில் அந்தப் பக்கம் பிரஷ் படாமலே தேய்க்கிறேன். முன்பு ஈறு வீங்கியபோது வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை மிச்சம் இருக்கிறது, போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: மாத்திரையை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம், பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் பாக்டீரியாப் படலம்தான். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருமே, அதுதான். நீங்கள் தொடாமல் விட விட அது தடிக்கும், ஈறு இன்னும் சிவந்து வீங்கும், அப்புறம் லேசாகப் பட்டாலே ரத்தம். 1965-ல் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது, மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

ஆன்டிபயாடிக் இந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது. படலத்தைக் கையால்தான் எடுக்க வேண்டும். மென்மையான பிரஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், இரண்டு நிமிடம், காலையும் இரவும். முதல் சில நாள் ரத்தம் வரும், வரட்டும். இரண்டு வாரம் ஆகியும் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

பதில்: இதை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! எடுக்காமல் விட்ட படலம் எச்சிலில் உள்ள தாதுக்கள் படிந்து காரையாகக் கெட்டியாகிவிடும், அப்புறம் பிரஷுக்கு மசியாது. அது ஈறுக்கு அடியில் இறங்கும்போது பல்லைத் தாங்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது, வலியே இல்லாமல். ஆட்டம் அப்போதே தொடங்கியாயிற்று, காரைதான் பல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது. எடுத்ததும் ஆட்டமும் இடைவெளியும் தெரிகின்றன, பழி க்ளீனிங் மேல். டாக்டர் மெல்லிய அளவுகோலை ஈறு ஓரத்தில் விட்டுப் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை, அதைத் தாண்டி இறங்கினால் கவனிக்க வேண்டும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது, ஆனால் மேலும் கரையாமல் தடுக்கலாம்.

கேள்வி: எனக்கு சிகரெட் பழக்கம் உண்டு, சர்க்கரையும் உண்டு. ஆனால் ஈறில் ரத்தமே வருவதில்லை. அப்படியானால் தப்பித்தேன்தானே?

பதில்: இல்லை. புகைப்பவர்களுக்கு உள்ளே நோய் முற்றியிருந்தாலும் ரத்தக் கசிவு குறைவாகத்தான் இருக்கும், அதனால் வெளியே தெரியாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இது எல்லோருக்கும்: பல் வலியோடு தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சலும் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.