சந்தைக்குப் போகிறவர்கள் கேட்டவை

ஆட்டு வியாபாரத்திலேயே தலை நரைத்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: ஐயா, வளர்ப்புக்கு நாலைந்து ஆடு வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குந்தாரப்பள்ளிச் சந்தையா, போச்சம்பள்ளிச் சந்தையா?

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுக்கு என் ஓட்டு குந்தாரப்பள்ளிக்குத்தான். விடியும் முன்பே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கழித்துப் போட்டதுதான் மிஞ்சும். பக்ரீத்துக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம். குட்டிக்குக்கூடக் கறி விலை சொல்வார்கள்.

அரூரிலிருந்து: பல்லைப் பிடித்து என்ன பார்க்கிறார்கள்?

வயது. கீழ்த்தாடையை மட்டும் பாருங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது. நடுவில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் ஆட்டுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, மாட்டுக்கு இரண்டு. கீழே முன்பல் எட்டும் அப்படி முளைத்துவிட்டால் தேய்மானத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். அங்கேதான் விற்பவர் வாய் நீளும்.

ஓசூரிலிருந்து: மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு என்ன செய்கிறார்கள் அண்ணா?

விலை பேசுகிறார்கள், தம்பி. இருவர் கைமேல் ஒரு துண்டு. உள்ளே ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடிப்பார்; எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். பிடிக்காத விலையென்றால் கை உதறிக்கொண்டு வெளியே வரும், முகம் மட்டும் அசையாது. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரிந்தால் அடுத்த மாட்டையும் அதே விலைக்குக் கேட்பான் என்பதால்தான் இந்த மறைப்பு. நீங்கள் வாய்விட்டே பேசுங்கள். என் முதல் மாட்டுக்கு ஒரு விரலைத் தவறாக எண்ணி ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவன் நான்.

சென்னையிலிருந்து: கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் பழம் மலிவாகக் கிடைக்குமா?

அது கண்ணுக்கு, தங்கையே. மல்கோவா, அல்போன்சா, செந்தூரா எல்லாம் தட்டில் பெயர் எழுதி அடுக்கியிருக்கும். துறை அரங்குகள், ராட்டினம், மிளகாய் பஜ்ஜி என்று பிள்ளைகளுக்குப் பொழுது போகும். பழம் வாங்க மண்டிக்குப் போங்கள். அங்கே குவிந்து கிடக்கும் தோதாபுரியைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போவது.

திருப்பத்தூரிலிருந்து: படுகளம் பார்க்க எப்போது வர வேண்டும்?

பாரதப் போரில் துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டுவதுதான் படுகளம். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவின் கடைசி நாள் காலையில் வாருங்கள். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு. பீமன் வேடக்காரர் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி. முந்தின இரவே வந்து கூத்துப் பாருங்கள். உட்கார ஒரு சாக்கு கொண்டுவாருங்கள்.